பாலங்களைக் கட்டும்போதும் பழுதுபார்க்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலம் இடிந்தது என்ற செய்தி வந்தவுடன் பொதுவாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன: சிமென்ட் சரியில்லை, அல்லது அளவுக்கு மீறிய பாரம் ஏற்றிய லாரி போயிற்று. இரண்டும் நடப்பதுண்டு. ஆனால் விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத் தொடர்ந்து படித்து வருபவர்களுக்கு வேறொன்று புலப்படும். எல்லோர் கண்ணிலும் படுகிற தளம் முதலில் கைவிடுவது அரிது. மணலுக்குள் புதைந்த அடித்தளம், தளத்தைத் தாங்கும் நீண்ட உத்திரமான கர்டருக்கும் தூணுக்கும் நடுவில் அசைவுக்கு இடம் கொடுக்கும் தாங்கியான பேரிங், கான்கிரீட்டுக்குள் மறைந்திருக்கும் கம்பி, நடைமேம்பாலமாக இருந்தால் படியேறுகிறவரின் முழங்கால் என்று, வடிவமைப்பவரின் பார்வை சரியாகப் போகாத இடங்களில்தான் தவறு தொடங்குகிறது.

ஆற்றுப்பாலங்களில் மிகப் பெரிய தவறு, வெள்ளம் எவ்வளவு உயரம் வரும் என்பதைக் கணக்கிட்டுவிட்டு, அது எவ்வளவு ஆழம் தோண்டும் என்பதைக் குறைத்து மதிப்பிடுவது. தூணில் மோதும் நீர் கீழ்நோக்கித் திரும்பிச் சுழன்று, அடியிலுள்ள மணலை வாரிக்கொண்டு போகிறது. இந்திய நெடுஞ்சாலைப் பொறியியலின் விதிமுறைகளை வகுக்கும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், தூணருகே அரிப்பின் ஆழத்தைச் சராசரி அரிப்பாழத்தைப் போல் இரு மடங்காகக் கொள்ளச் சொல்வது இதனால்தான். கணக்கு சரியாக இருந்தாலும், பாலம் கட்டிய பிறகு ஆறு மாறிவிடுகிறது என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மணல் அள்ளி அள்ளிப் படுகை இரண்டு மூன்று மீட்டர் தாழ்ந்துவிட்டால், தூணைப் பிடித்து நிற்கும் மண்ணும் அந்த அளவுக்குப் போய்விட்டது என்று பொருள். 2018 ஆகஸ்டில் காவிரியில் பெருவெள்ளம் வந்தபோது, திருச்சியில் கொள்ளிடத்தின் மீது நின்ற ஏறத்தாழ 90 ஆண்டு பழைமையான இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்து, அவற்றின் மேலிருந்த பகுதி ஆற்றில் விழுந்தது. வாகனப் போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்திலிருந்த புதிய பாலத்துக்கு மாறியிருந்தது.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வெள்ளத்தின் உச்சத்தில் தோன்றும் பள்ளம், நீர் வடியும்போது நொய்ந்த மணலால் தானாகவே நிரம்பிவிடும். கோடையில் வறண்ட ஆற்றில் இறங்கிப் பார்க்கும் பொறியாளருக்குத் தூணைச் சுற்றி மணல் சமமாகவே தெரியும். அந்த மணலுக்குப் பிடிமானம் கிடையாது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே கோடை ஆய்வை மட்டும் நம்புவது தவறு. வெள்ளக் காலத்திலேயே தூணருகே ஆழம் அளக்க வேண்டும், நீர் வடிந்ததும் கம்பி இறக்கி மணலின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும், தூணைச் சுற்றிப் போட்ட பெருங்கற்கள் அடித்துப் போயிருந்தால் அடுத்த மழைக்குள் திரும்பப் போட வேண்டும். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஸ்கோஹாரி ஓடையின் மீதிருந்த நெடுஞ்சாலைப் பாலம் 1987 ஏப்ரலில் இடிந்து 10 பேர் இறந்ததற்கு, ஆழமற்ற அடித்தளமும் இப்படிக் கவனிக்கப்படாமல் போன கற்காப்பும்தான் காரணங்கள்.

கீழே ஓடும் நீரைப் போலவே மேலிருந்து இறங்கும் நீரும் பாலத்தைத் தின்னும். 30 மீட்டர் நீளமுள்ள கர்டர், வெப்பநிலை 30 டிகிரி மாறும்போது ஏறத்தாழ 11 மில்லிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. இதற்கு இடம் கொடுக்கத்தான் தளத்தில் விரிவு இணைப்பும், கர்டரின் அடியில் பேரிங்கும் வைக்கப்படுகின்றன. விரிவு இணைப்பின் ரப்பர் கிழிந்தால் முதலில் தெரிவது வண்டியோட்டிக்கு ஏற்படும் குலுக்கல். ஆனால் உண்மையான சேதம் கீழே நடக்கிறது. மழைநீர் அந்த இடுக்கு வழியாக நேராகக் கர்டரின் முனையிலும் தூணின் தலைப்பகுதியிலும் இறங்கி, மண்ணோடு சேர்ந்து பேரிங்கைச் சுற்றிப் படிகிறது. அசைய வேண்டிய பேரிங் இறுகிவிட்டால், கர்டர் நீளும் விசை முழுவதும் தூணின் மீது போகிறது. விரிவு இணைப்பில் பள்ளம் விழுந்துவிட்டது என்று தார் ஊற்றி மூடுவது நம் ஊர்களில் அடிக்கடி காணும் காட்சி. அது பழுதுபார்ப்பு அன்று, பாலத்தின் அசைவை முடக்கும் வேலை.

திருச்சியில் சிந்தாமணியையும் திருவரங்கத்தையும் இணைக்கும் காவிரிப் பாலம் 1976-இல் திறக்கப்பட்டது. பேரிங்குகளும் விரிவு இணைப்புகளும் தேய்ந்துபோனதால் 2022-இல் அதைப் போக்குவரத்துக்கு மூடிச் சீரமைத்து, 2023-இல் மீண்டும் திறந்தார்கள். ஊரே பல மாதம் சுற்றிப் போக நேர்ந்தது. பேரிங் மாற்றுவது தவிர்க்க முடியாத வேலை. பாலத்தின் ஆயுள் 100 ஆண்டு என்றால், ரப்பர் பேரிங்கின் ஆயுள் அதில் நாலில் ஒரு பங்குகூட வராமல் போகலாம். அப்படியிருந்தும் புதிய பாலங்களின் தூண் தலைப்பில் ஜாக்கி வைக்க இடம் விடாமல் வரைந்துவிடுகிறார்கள். பிறகு கர்டரைத் தூக்க வேண்டிய நாளில் தரையிலிருந்து தற்காலிகச் சாரம் எழுப்ப வேண்டியிருக்கிறது. ஆற்றின் நடுவே அது எவ்வளவு செலவும் இடரும் உள்ள வேலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கும்போதும் ஒரு தூணின் மேலுள்ள எல்லாக் கர்டர்களையும் ஒரே சீராகத் தூக்க வேண்டும். ஒன்று சில மில்லிமீட்டர் முந்தினாலும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டத்தில் விரிசல் விழும்.

தளத்தின் மீது புதிய தார் போடுவது எல்லோருக்கும் பிடித்த வேலை, எளிதில் கண்ணுக்குத் தெரிகிற வேலை. அதில் உள்ள தவறு எடையில் இருக்கிறது. 50 மில்லிமீட்டர் தார்க் கலவை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 115 கிலோ எடை உள்ளது. இரு தூண்களுக்கு இடைப்பட்ட, 30 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட ஒரு கண்ணின் மீது இதைப் போட்டால் 34 டன்னுக்கு மேல் நிரந்தரமாக ஏறுகிறது. பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மூன்று முறை இப்படிச் செய்தால், கர்டர் நூறு டன் கூடுதல் பாரத்தை இரவும் பகலும் சுமக்கிறது. அதோடு கைப்பிடிச் சுவரின் உயரம் குறைகிறது, மழைநீர்க் குழாய்களின் வாய் மூடுகிறது. மினியாபோலிஸில் மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த ஐ-35டபிள்யூ பாலம் 2007 ஆகஸ்ட் 1 அன்று விழுந்து 13 பேர் இறந்தார்கள். உத்திரங்களைச் சந்திப்புகளில் இணைக்கும் தகடுகள், 1960-களில் வரைந்தபோதே தேவையான தடிப்பில் பாதியளவே இருந்தன. அடுத்தடுத்த சீரமைப்புகளில் தளத்தின் எடை கூடிக்கொண்டே போயிற்று. விழுந்த நாளில், பழுதுபார்ப்புக்கான மணலும் ஜல்லியும் வண்டிகளுமாக 250 டன்னுக்கு மேல் அந்தப் பலவீனமான இடத்துக்கு அருகே குவிக்கப்பட்டிருந்தன. சீரமைப்புப் பணிக்கான வரைபடத்தில், பொருள்களை எங்கே, எவ்வளவு உயரம் வரை அடுக்கலாம் என்று குறிக்காமல் விடுவது உயிர்களைப் பறிக்கும் தவறு.

துருவைப் பற்றிய தவறுகள் தனி வகை. கடலோரத்தில் கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தால், அந்த இடத்தை மட்டும் கொத்தியெடுத்துப் புதிய கலவை பூசிவிடுவது வழக்கம். ஓரிரு ஆண்டுகளில் பூசிய இடத்தைச் சுற்றி வளையமாகப் புதிய விரிசல் தோன்றும். பூசியவரின் கைத்திறனில் குறை இல்லாதபோதும் இது நடக்கும். முன்பு துருப்பிடித்த இடமே பக்கத்துக் கம்பியைத் தன்னையறியாமல் காத்து வந்தது. அது மூடப்பட்டதும், ஏற்கெனவே உப்பேறிய பக்கத்துக் கான்கிரீட்டிலுள்ள கம்பி துருப்பிடிக்கத் தொடங்குகிறது. உப்பு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று மாதிரி துளைத்து அளந்து, கம்பியின் மின்னழுத்தத்தைக் கட்டம் கட்டமாகச் சோதித்து, கம்பியின் பின்புறம் வரை பழைய கான்கிரீட்டை நீக்கிய பிறகே பூச வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத துரு இன்னும் கொடியது. இத்தாலியின் ஜெனோவாவில் 1967-இல் திறக்கப்பட்ட மொராண்டி பாலத்தின் சாய்வு இழுகம்பிகள் கான்கிரீட் உறைக்குள் இருந்தன. பாதுகாப்புக்காக வைத்த அந்த உறையே, உள்ளே என்ன நடக்கிறது என்பதை மறைத்துவிட்டது. ஒரு கோபுரத்தின் இழுகம்பிகளை 1990-களில் வெளியே புதிய கம்பிகள் போட்டு வலுப்படுத்தினார்கள். அப்படி வலுப்படுத்தப்படாத இன்னொரு கோபுரம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். ஓரிடத்தில் நோய் தெரிந்துவிட்டால், அதே முறையில் கட்டிய மற்ற இடங்களிலும் அது இருக்கும் என்று கொள்வதே முறை. குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்கு நடைபாலம் அறுந்து 135 பேர் இறந்தது, சீரமைத்துத் திறந்த சில நாள்களில் நடந்தது. பிரதான வடம் ஒன்றின் 49 கம்பிகளில் 22 முன்பே துருவேறியிருந்ததாக விசாரணைக் குழு கண்டது. மரப்பலகைகளுக்குப் பதிலாக அலுமினியத் தளம் போட்டார்கள். பாரத்தைச் சுமக்கும் வடத்தை மாற்றவில்லை. நடக்கிற இடத்தைப் புதுப்பித்துவிட்டு, சுமக்கிற உறுப்பைத் தொடாமல் விடுவதைச் சீரமைப்பு என்று அழைக்கவே கூடாது.

விரிசல் கண்டால் வழியை மூடத் தயங்குவதும் உயிர்களைப் பறிக்கும் தவறே. 2018 மார்ச் 15 அன்று மியாமி அருகே, ஃபுளோரிடா சர்வதேசப் பல்கலைக்கழகத்துக்காகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த நடைமேம்பாலம் சாலையில் விழுந்து 6 பேர் இறந்தார்கள். விரிசல்கள் பல நாள்களாகத் தெரிந்திருந்தன, படமெடுக்கப்பட்டிருந்தன, விழுந்த அன்று காலைகூட அவை குறித்துக் கூடிப் பேசியிருந்தார்கள். கீழே சாலை திறந்தே இருந்தது. மாறாக, கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016-இல் திறக்கப்பட்டு, விரிசல்கள் கண்டதால் 2019-இல் மூடப்பட்டு, மேல்கட்டுமானம் பெரும்பாலும் இடித்துக் கட்டப்பட்டு 2021-இல் திரும்பத் திறக்கப்பட்டது. அங்கே எவரும் உயிரிழக்கவில்லை.

பல்வழிச் சந்திப்புகளுக்கு வருவோம். சென்னையில் 2008-இல் திறக்கப்பட்ட கத்திப்பாராவைப் போன்ற இலை வடிவச் சந்திப்பில், ஒரு வளையத்திலிருந்து ஏறி வரும் வண்டியும் அடுத்த வளையத்தில் இறங்கப் போகும் வண்டியும் ஒரே குறுகிய தூரத்துக்குள் தடம் மாறியாக வேண்டும். அந்தத் தூரத்தைச் சுருக்கினால், பாலம் எவ்வளவு அகலமாக இருந்தாலும் அங்கே வேகம் செத்துவிடும். பெயர்ப்பலகையைப் பிரிவுக்கு மிக அருகில் வைப்பதும் இதே கேட்டைத் தரும். ஆயினும் வடிவமைப்பில் பெரிய குறை என்று நான் கருதுவது வேறு: சந்திப்பு என்பது வண்டிகள் மட்டும் சந்திக்கும் இடம் என்ற எண்ணம். பேருந்திலிருந்து இறங்கி மறுபக்கப் பேருந்துக்கோ மெட்ரோவுக்கோ போகிறவர் எந்த வழியாக நடப்பார் என்பதை வரைபடத்தில் முதல் கோடாகப் போட வேண்டும். அதைக் கடைசியில் சேர்த்தால், அவர் வளையச் சாலையின் ஓரமாக, திரும்பும் வண்டிகளுக்கு நடுவே ஓடித்தான் கடப்பார்.

நடைமேம்பாலத்தில் இந்தக் குறை இன்னும் வெளிப்படை. சாலைக்கு மேல் 5.5 மீட்டர் இடைவெளியும், அதன் மேல் தளத்தின் தடிப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 6.5 மீட்டர் ஏற வேண்டும். 15 சென்டிமீட்டர் படி என்றால் 43 படி ஏறி, 43 படி இறங்க வேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு காய்கறிப் பையோடு வருகிற பெண்ணும், முழங்கால் வலியுள்ள முதியவரும், தரையில் 20 மீட்டர் கடப்பதற்கு இதைச் செய்யாதபோது அவர்கள்மேல் ஒழுக்கக் குற்றம் சாட்டுவது நியாயமன்று. சக்கர நாற்காலிக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் சாய்தளம் வேண்டுமானால் 78 மீட்டர் ஓட வேண்டும், இடையிடையே ஓய்வுத் தளங்கள் தனி. அதற்கு இடமில்லை என்று மின்தூக்கி வைத்தால், அதைப் பராமரிக்க ஆளும் நிதியும் முதல் நாளிலேயே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். பெரும்பாலான நகரச் சாலைகளில் சிக்னலோடு கூடிய தரைமட்டக் கடவையே சரியான விடை. ரயில் நிலையத்தின் உயர நடைபாதையிலிருந்து நேராகத் தொடரும் இடங்களில் நடைமேம்பாலம் பொருந்தும். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்க 2023-இல் திறந்த சுமார் 570 மீட்டர் ஆகாய நடைபாதை அவ்வகை.

நடப்பவர்களின் எடையைக் கணக்கிட்டு, அவர்களின் அசைவை மறப்பதும் உண்டு. மனிதர் ஒவ்வோர் அடியிலும் பக்கவாட்டிலும் சிறிது தள்ளுகிறார், அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை. லண்டனின் மில்லெனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறந்தவுடன் பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. ஆட்டத்துக்கேற்பக் கூட்டம் அடியெடுத்து வைக்க, ஆட்டம் மேலும் வளர்ந்தது. இரண்டே நாளில் மூடி, அதிர்வு தணிப்பிகள் பொருத்தி, 2002-இல்தான் மீண்டும் திறந்தார்கள்.

ஆய்வறிக்கையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மும்பை சத்ரபதி சிவாஜி ரயில் முனையத்தை ஒட்டிய நடைமேம்பாலத்தின் தளம் 2019 மார்ச் 14 அன்று உதிர்ந்து விழுந்து பலர் இறந்தார்கள். அதற்கு முன் நடந்த கட்டமைப்பு ஆய்வு, சிறு பழுதுகள் மட்டுமே தேவை என்று கூறியிருந்தது. ஆய்வு நடந்தது என்பதும் ஆய்வாளர் உறுப்பைத் தொட்டுத் தட்டிப் பார்த்தார் என்பதும் வெவ்வேறு. அறிக்கையைப் பெறும் பொறியாளர், எந்தெந்தக் கர்டரையும் பேரிங்கையும் ஏணியோ தூக்குமேடையோ வைத்து அருகே சென்று பார்த்தார்கள், எவற்றைத் தரையிலிருந்து பார்த்தார்கள், எவற்றைப் பார்க்கவே முடியவில்லை என்று மூன்று பட்டியல்கள் கேட்க வேண்டும். மூன்றாவது பட்டியலில் உள்ளவற்றுக்கு வழி செய்யும்வரை அறிக்கையில் கையொப்பமிடக் கூடாது.