ரீவோ மடாலயம் வழியாக ஒரு மவுண்டன் பைக் சுற்று: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் நார்த் யார்க் மூர்ஸ் மலைப்பகுதியில், சட்டன் பேங்க் உச்சியில் கிளம்பி ரீவோ மடாலயத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பும் அரை நாள் சுற்று இது. நான் நான்கு முறை ஓட்டியிருக்கிறேன், முதல்முறை மட்டும் பாதியிலேயே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டியதாயிற்று. அதற்கான காரணம்தான் இந்தப் பதிவில் முக்கியமானது, பொறுமையாகப் படியுங்கள்.

சட்டன் பேங்கில் தேசியப் பூங்கா மையம் இருக்கிறது, காரை அங்கேயே விடலாம். திர்ஸ்க் பக்கமிருந்து வரும் ஏ170 சாலை அந்த மேட்டில் நாலடிக்கு ஓரடி என்ற கணக்கில் செங்குத்தாக ஏறும், கேரவன் வண்டிகளுக்கு அனுமதியே கிடையாது. அதனால் மேலே கிளம்புவதுதான் உத்தமம். கரடுமுரடான பாதையில் ஓட்டியதே இல்லை என்றால், மையத்தை ஒட்டிய பச்சை, நீல நிறப் பயிற்சிப் பாதைகளில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பழகிவிட்டு வாருங்கள்.

வரைபடம்: ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற பிரிட்டிஷ் அரசு வரைபட நிறுவனத்தின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்26. காகிதத்தில் வாங்குங்கள். போனும் இருக்கட்டும், ஆனால் பள்ளத்தாக்கில் இறங்கியதும் எனக்கு சிக்னல் போய்விடுகிறது, குளிரில் பேட்டரியும் சீக்கிரம் இறங்குகிறது.

சரி, நான் மாட்டிக்கொண்ட இடத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் வயல் நடுவே பாதை தெரிகிறது என்பதற்காக சைக்கிள் ஓட்டிவிட முடியாது. ஃபுட்பாத் என்றால் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே என்றால் குதிரையும் போகலாம், 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி சைக்கிளும் போகலாம், ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிறத்தில் குட்டைக் கோடுகளாக வந்தால் ஃபுட்பாத், நீளக் கோடுகளாக வந்தால் பிரைடில்வே. நேரில் வழிகாட்டிக் கம்பங்களில் ஃபுட்பாத்துக்கு மஞ்சள் அம்பு, பிரைடில்வேக்கு நீல அம்பு.

நான் முதல்முறை ஹெல்ம்ஸ்லி ஊரிலிருந்து கிளம்பினேன். கிளீவ்லேண்ட் வே என்கிற 175 கிலோமீட்டர் நெடும்பாதை அங்கேதான் தொடங்குகிறது, அதன் அடையாளம் ஓக் கொட்டை. அந்தக் கொட்டையைப் பார்த்துக்கொண்டே போனால் ரீவோ வந்துவிடும் என்று போனேன், எதிரே வந்த ஒரு பெரியவர் நிறுத்தி, இது நடைபாதை என்று தன்மையாகச் சொன்னார். பக்கத்திலிருந்த மரக்கம்பத்தில் பாசி படிந்திருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தேன், கொட்டைக்குக் கீழே மஞ்சள் அம்பு. கொட்டை இது எந்தப் பாதை என்று மட்டும்தான் சொல்லும், யார் போகலாம் என்பதை அம்பின் நிறம் சொல்லும். ஒவ்வொரு வேலிக்கதவிலும் நிறத்தைப் பாருங்கள்.

பாதை இதுதான்: சட்டன் பேங்கிலிருந்து கோல்ட் கர்பி கிராமம், அங்கிருந்து ஃப்ளாசன் டேலுக்கு இறக்கம், நெட்டில்டேல் வழியாக ரீவோ பாலம். இறக்கத்தில் ஈரச் சுண்ணாம்புக் கல்லும் வேரும் வழுக்கும், சீட்டைத் தாழ்த்திவிட்டு முன் பிரேக்கை மெதுவாகப் பிடியுங்கள். இதற்கு ஃபுல் சஸ்பென்ஷன் தேவையே இல்லை, முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில் போதும். டயர் 2.3 அங்குலம், ட்யூப்லெஸ். பணத்தைப் பின்பக்கப் பல்சக்கரத்தில் போடுங்கள், 50 பல் இருந்தால் திரும்பும்போது முட்டி தப்பிக்கும்.

மடாலயம் 1132இல் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவுத் துறவிகள் கட்டத் தொடங்கியது, 1538இல் எட்டாம் ஹென்றி மன்னர் காலத்தில் மூடப்பட்டது. பள்ளத்தாக்கு அவ்வளவு குறுகல் என்பதால், வழக்கமாகக் கிழக்கு மேற்காக இருக்க வேண்டிய தேவாலயம் இங்கே ஏறக்குறைய வடக்கு தெற்காக நிற்கிறது. கூரையில்லாத வளைவுகளுக்குக் கீழே நின்று பாருங்கள், அவசரப்படாதீர்கள். நான் டிக்கெட் வாங்கி ஒரு மணி நேரமாவது உட்கார்ந்துவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்புறம் ஓல்ட் பைலேண்ட் கிராமத்துக்குச் சின்னத் தார்ச்சாலையில் செங்குத்து ஏற்றம். 1143இல் வேறொரு துறவிக் கூட்டம் இந்தப் பக்கம் குடியேறியது, இரண்டு மடங்களின் மணியோசையும் ஒன்றோடொன்று குழம்பியதால் நான்கே ஆண்டில் இடம் மாறிப் போனார்கள். ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது திரும்பிப் பார்த்தால், ஏன் குழம்பியது என்று புரியும். அங்கிருந்து சாலையிலேயே கோல்ட் கர்பி, சட்டன் பேங்க்.

பின்சேர்க்கை: மின்சார சைக்கிள் கொண்டுபோகலாமா என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். மிதித்தால் மட்டும் உதவும் 250 வாட் மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டரோடு உதவி நின்றுவிடும் வகை என்றால் பிரைடில்வேயில் தாராளமாகப் போகலாம். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கும்போது மட்டும் மணி அடிக்காதீர்கள், தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து ஹலோ என்று குரல் கொடுங்கள், குதிரைக்கு மனிதக் குரல் பழக்கம்.