அரசுப் பள்ளி பிளஸ் டூ மாணவரைக் கல்லூரியில் சேர்க்க: தை மாதமே தொடங்க வேண்டிய வேலைகள்

வீட்டில் யாரும் கல்லூரிப் படி ஏறியிராத ஒரு பிள்ளைக்கு நீங்கள் உதவப் போகிறீர்கள். ஆசிரியராகவோ தன்னார்வலராகவோ தெருவில் படித்த அண்ணன், அக்காவாகவோ இருக்கலாம். இந்தப் பிள்ளைகளில் பலர் இடத்தை இழப்பது மதிப்பெண் இல்லாததால் அல்ல. சான்றிதழ் நேரத்துக்கு வராததாலும், யாரோ ஒருவர் போன் நம்பரைத் தவறாகக் கொடுத்ததாலும்தான். தமிழ்நாட்டில் சலுகைகள் நிறைய உண்டு. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காகிதம் வேண்டும். அதனால் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

படி 1: பெயரைச் சரிபாருங்கள்

ஆதார், பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வங்கிப் புத்தகம் ஆகிய நான்கையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படியுங்கள். பட்டியலில் ‘கார்த்திகா மு’, ஆதாரில் ‘கார்த்திகா முருகன்’, வங்கியில் வெறும் ‘கார்த்திகா’ என்று இருப்பது சர்வ சாதாரணம். பிறந்த தேதியும் மாறியிருக்கும். பத்தாம் வகுப்புப் பட்டியலில் இருப்பதையே அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். மதிப்பெண் பட்டியலைத் திருத்துவதுதான் இருப்பதிலேயே நீண்ட வேலை. ஆதார் திருத்தத்துக்குச் சில வாரங்கள் ஆகலாம் என்பதால் இதை பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள்.

வங்கிக் கணக்கில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பள்ளி உதவித்தொகைக்காக எட்டாவது, ஒன்பதாவதில் தொடங்கிய கணக்கு பல நேரம் முடங்கிக் கிடக்கும். பிள்ளைக்கு 18 வயது ஆனதும் புதிதாக கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்க வேண்டும். ‘ஆதார் லிங்க் ஆகியிருக்கிறதா?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அரசுப் பணம் நேரடியாக வரும்படி என்பிசிஐயில் (வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பு) இணைத்திருக்கிறார்களா என்று வங்கியில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. பின்னது இல்லையென்றால் உதவித்தொகை அனுமதியான பிறகும் பணம் கணக்குக்கு வராது.

படி 2: சான்றிதழ்கள்

சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி ஆகிய நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். மனு விஏஓ, வருவாய் ஆய்வாளர் என்று மேலே போகும். இடையில் நின்றுவிட்டால் ஒப்புகைச் சீட்டு எண்ணை வைத்து யாரிடம் நிற்கிறது என்று பார்த்து, அவரிடமே போய்க் கேளுங்கள்.

பழங்குடியினர் சான்றிதழை மட்டும் தாசில்தார் அலுவலகத்தில் தருவதில்லை. கோட்டாட்சியர்தான் தர வேண்டும். நேரடி விசாரணை இருப்பதால் மாதக்கணக்கில் இழுக்கலாம். பிள்ளை பழங்குடியினர் என்றால் பிளஸ் ஒன்னிலேயே விண்ணப்பித்துவிடுங்கள்.

முதல் பட்டதாரி சான்றிதழுக்கு வருமான வரம்பு கிடையாது. வீட்டில் உள்ளவர்களின் படிப்பு விவரத்தோடு உறுதிமொழி தர வேண்டும். அண்ணன் ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. இதனால் கிடைக்கும் கல்விக் கட்டணச் சலுகை அரசு தரவரிசைப்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டும்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் அந்தச் சலுகை போய்விடும்.

படி 3: 7.5 சதவீதம்

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021 முதல் இந்த உள் ஒதுக்கீடு உண்டு. மருத்துவத்துக்கு 2020லேயே வந்துவிட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்து, பிறகு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் இதில் சேர்வார்கள். அரசு உதவிபெறும் பள்ளிக்கு இது கிடையாது. பிள்ளை இரண்டு மூன்று பள்ளி மாறியிருந்தால் எல்லா வருடத்துக்கும் சான்று வேண்டும். ஏழாவது படித்த பள்ளி வேறு மாவட்டத்தில் இருக்கலாம் என்பதால் கோடை விடுமுறைக்கு முன்பே தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பொறியியலில் இந்த ஒதுக்கீட்டில் இடம் எடுத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. அதே பிள்ளை பொதுப் பிரிவில் கிடைத்த இடத்தை எடுத்தால் இந்த முழுச் சலுகை வராது. இரண்டு இடமும் கிடைத்தால் நான்கு வருடச் செலவைக் கணக்குப் போட்ட பிறகு முடிவெடுங்கள்.

படி 4: விண்ணப்பமும் விருப்பப் பட்டியலும்

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தால் அங்கு இருப்பவர் வேகத்துக்காகத் தன் மெயிலையும் நம்பரையும் போட்டுவிடுவது உண்டு. பிறகு ஓடிபியெல்லாம் அவருக்குத்தான் போகும். விண்ணப்பிக்கும் முன்பே பிள்ளையின் பெயரில் ஒரு மெயில் தொடங்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சேர்க்கை முடியும்வரை ரீசார்ஜ் தீர்ந்துபோகாத ஒரு நம்பரைக் கொடுங்கள். அரசு கலைக் கல்லூரிகளில் தரவரிசைப்படி குறிப்பிட்ட நாளில் நேரில் அழைப்பார்கள். அன்று போகாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். அங்கே விண்ணப்பச் செலவு 50 ரூபாய்தான். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2 ரூபாய்.

பொறியியல் கட்-ஆஃப், அதாவது தரவரிசைக்கான மதிப்பெண், 200க்கு. கணிதம் 78, இயற்பியல் 70, வேதியியல் 82 என்றால் கணிதம் முழுதாக 78, மற்ற இரண்டும் பாதியாக 35, 41. மொத்தம் 154. முந்தைய ஆண்டு அதே சமூகப் பிரிவில் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடம் எத்தனையில் முடிந்தது என்று பார்த்து, 160ல் முடிந்ததிலிருந்து 140ல் முடிந்தது வரை கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியல் போடுங்கள்.

ஆசைப்படும் வரிசையிலேயே எழுதுங்கள். கிடைக்காததை மேலே போட்டால் தண்டனை எதுவும் இல்லை. அது இல்லையென்றால் கணினி அடுத்ததைப் பார்க்கும். பத்துப் பெயரோடு நிறுத்திவிடுவதுதான் ஆபத்து. பத்தும் நிரம்பியிருந்தால் கையில் எதுவும் இருக்காது. கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் போக விரும்பாத கல்லூரியைச் சேர்க்காதீர்கள், அதுவே வந்து நிற்கும்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் கெடுவுக்குள் உறுதி செய்ய வேண்டும். பார்க்காமல் விட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் தினமும் நீங்களே அழைத்து, ‘பார்த்தாயா?’ என்று கேளுங்கள்.

இதற்கிடையில் ஏஜென்ட்கள் வீடு தேடி வருவார்கள். ‘எல்லாம் ஃப்ரீ, டிசியை மட்டும் கொடுங்கள்’ என்பார்கள். கொடுக்காதீர்கள். கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதி. ஆனால் அதைத் திரும்ப வாங்க அலைவதற்குள் கலந்தாய்வு முடிந்துவிடும்.

படி 5: பணம்

அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இரண்டிலும் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். இதற்குக் கல்லூரி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்புக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிக்கும் அதே வரம்புதான். வீடு கல்லூரியிலிருந்து 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குப் பொருந்தாது.

இவையெல்லாம் சேர்ந்த பிறகுதான் கைக்கு வரும். முதல் மாதம்தான் பிள்ளைகள் உடைந்துபோகிறார்கள். பேருந்து, புத்தகம், விடுதி முன்பணம், இரண்டு செட் உடை என்று ஒரே வாரத்தில் செலவு வந்து நிற்கும். நீங்கள் பண உதவி செய்வதாக இருந்தால் நான்காம் ஆண்டுக்கு வாக்குக் கொடுப்பதைவிட இந்த மாதத்துக்குக் கொடுங்கள்.

கல்விக் கடன் தேவைப்பட்டால் 4 லட்சம் வரை கைப்பணம் கட்ட வேண்டியதில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் கேட்கக் கூடாது. வாய்மொழியாக இல்லை என்று சொன்னால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். வித்யாலட்சுமி தளத்தில் விண்ணப்பித்துவிட்டுப் போனால் பதிவு இருக்கும்.

உதவித்தொகையை ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்குத்தான் செல்லும். இரண்டாம் ஆண்டில் பணம் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பிளஸ் டூவில் ஒரு பாடத்தில் தவறியவர்களை, நீங்கள் உதவும் பிள்ளைகளின் பட்டியலிலிருந்து நீக்கிவிடாதீர்கள். துணைத்தேர்வில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வு நடக்கிறது. சேராமல் விடுபட்டவர்களுக்காக ‘உயர்வுக்குப் படி’ முகாம்களும் உண்டு. எங்கே, எப்போது என்று பள்ளியில் கேளுங்கள், அல்லது 14417க்கு அழையுங்கள்.