கோழிக்கு மூச்சு இரைத்தால்: எந்த வைரஸ் என்று பிரித்தறிவது எப்படி

போச்சம்பள்ளி சந்தையில் வாங்கிய கோழியை அன்றைக்கே பழைய கோழிகளோடு விடாதீர்கள். மூன்று வாரம் தனிக் கூண்டில் வையுங்கள். அதற்குள் மூச்சில் கரகரப்பு வந்தால், முக்கியமாக நான்கு வைரஸ்களைச் சந்தேகிக்க வேண்டும்.

வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட், பாராமிக்சோ குடும்பம். பச்சை கலந்த கழிச்சல், தொங்கும் இறக்கை. பிழைத்த கோழிக்கும் கழுத்து முறுக்கிக்கொள்ளலாம். பறவைக்காய்ச்சல், இன்ஃப்ளுயன்சா ஏ வகை. அதன் கடும் ரகத்தில் கொண்டை நீலமாகும், காலில் ரத்தத் திட்டு தெரியும், ஓரிரு நாளில் கூண்டே காலியாகும். கொரோனா குடும்பத்தின் மூச்சுக்குழல் அழற்சியில் பெரிய கோழி அதிகம் சாகாது. முட்டை ஓடு கோணலாகும், வெள்ளைக்கரு தண்ணீராகும். நான்காவது, ஹெர்பிஸ் குடும்பத்தின் குரல்வளை-மூச்சுக்குழல் அழற்சி: கழுத்தை நீட்டி இருமும், ரத்தச்சளி தெறிக்கும். மற்ற மூன்று வைரஸ்களின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ., இதற்கு மட்டும் டி.என்.ஏ.

முதல் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றலாம். இரண்டுமே ரத்தச் சிவப்பணுக்களைத் திரளவைக்கும் என்பதால் ஆய்வகத்திலும் அந்த ஒரு சோதனை போதாது. எதிர்ச்சீரம் (ஒரு குறிப்பிட்ட வைரஸை மட்டும் தடுக்கும் சீரம்) அல்லது பிசிஆர் (வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனை) வேண்டும். ஆகவே செத்த கோழியை அறுக்காதீர்கள், விற்காதீர்கள். கால்நடை மருந்தகத்துக்கு உடனே சொல்லுங்கள்.

தடுப்பூசி நோயில்லாத கோழிக்குத்தான். வெள்ளைக்கழிச்சலைத் தடுக்க, குஞ்சு பொரித்த 7ஆம் நாள் எஃப்1 மருந்து கண்ணில் ஒரு சொட்டு; 8ஆம் வாரம் ஆர்2பி, தோலுக்கடியில் 0.5 மி.லி. மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவாருங்கள். கலக்கிய 2 மணி நேரத்துக்குள் போட்டு முடியுங்கள். தருமபுரி வெயிலில் பையில் வைத்துக் கொண்டுபோன மருந்து செத்துவிடும், ஊசி போட்டும் நோய் வர இதுவும் ஒரு காரணம்.