அறுபதாம் கல்யாணமும் அவசரமில்லாத ஊர்சுற்றலும்

வெளிநாட்டிலிருந்து பணி ஓய்வு பெற்று ஊருக்குப் போகும் தம்பதியர் பலர் ஒரே பயணத்தில் இரண்டு காரியம் முடிக்கப் பார்ப்பார்கள்: திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம், கையோடு கோயில் குளம் என்று ஒரு சுற்று. தாராளமாகச் செய்யலாம். ஆனால் விழா முதலில், சுற்றல் பிறகு. மாற்றி வைத்தால் மணையில் உட்காரும்போதே இடுப்பு விட்டுப்போயிருக்கும்.

தேதிக்கு பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த நாள் உதவாது. கணவருக்கு அறுபது நிறைந்து அறுபத்தொன்று பிறக்கும்போது, அவர் பிறந்த தமிழ் மாதத்தில் ஜென்ம நட்சத்திரம் வரும் நாள்தான் கணக்கு. 1966 சித்திரை முதல் 1967 பங்குனி வரை பிறந்தவர் என்றால், 2026 சித்திரையில் தொடங்கும் பராபவ ஆண்டு. இதையே எழுபதில் செய்தால் பீமரத சாந்தி, எண்பதில் சதாபிஷேகம் என்று பெயர். ஒரே மாதத்தில் நட்சத்திரம் இரண்டு முறை வந்தால் எதை எடுப்பது என்று சடங்கு நடத்தும் வாத்தியாரைக் கேட்டுவிட்டு விமான டிக்கெட் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் விழுந்தால் டெல்டாவில் அடைமழை. பொங்கலை ஒட்டி விழுந்தால் ரயிலில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும்.

ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) வைத்திருப்பவர்கள் 50 வயதுக்குப் பிறகு புது பாஸ்போர்ட் எடுத்திருந்தால், அதன் நகலையும் படத்தையும் ஒருமுறை இணையத்தில் ஏற்றியாக வேண்டும். பலருக்கு இது விமான நிலையத்தில்தான் நினைவு வரும்.

பிள்ளைகளுக்கு லீவு ஒரு வாரமோ பத்து நாளோதான். நீங்கள் முன்னதாகப் போய்த் தூக்கத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். அந்த நாட்களில் அழைப்பு வேலையையும் முடித்துவிடலாம். வாட்ஸ்அப்பில் பத்திரிகை அனுப்பினால் இளசுகளுக்குப் போதும். வயதான அத்தைக்கும் பெரியப்பாவுக்கும் போதாது. வெற்றிலை பாக்கோடு நேரில் போய்க் கொடுங்கள். மனைவியின் பிறந்த வீட்டார் வேட்டி புடவை எடுத்து வருவார்கள். ‘எதுக்கு வீண் செலவு’ என்று மறித்துவிடாதீர்கள், மனத்தாங்கல் வரும்.

விழா காலையில் ஆரம்பிக்கும். கோ பூஜை, ஹோமம், அப்புறம் கலசாபிஷேகம். பிள்ளைகள், உறவினர் என்று ஒவ்வொருவராகக் குடத்து நீரைத் தலையில் ஊற்றுவார்கள். பருத்தி வேட்டி, புடவை இரண்டும் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், கல்தரை வழுக்கும். கையைப் பிடித்துக்கொள்ள ஒருவரைப் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள். பட்டு வேட்டி, பட்டுப் புடவை எல்லாம் மாலை மாற்றும்போதும் தாலி கட்டும்போதும்தான், அதுவரை பையிலேயே இருக்கட்டும். பெரிய துண்டு இரண்டு, ஈரத்துணிக்குத் தனிப் பை, சர்க்கரைக்காரர் என்றால் பிஸ்கட். முட்டிவலி இருந்தால் நாற்காலி வேண்டும் என்று வாத்தியாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரே நேரத்தில் பல ஜோடிகளுக்கு அங்கே சடங்கு நடக்கும், கடைசி நேரத்தில் யாரும் நாற்காலி தேட மாட்டார்கள்.

பிள்ளைகளை விமானம் ஏற்றிவிட்ட பிறகு சுற்றக் கிளம்புங்கள். மயிலாடுதுறையிலோ கும்பகோணத்திலோ ஒரே இடத்தில் அறை எடுப்பது நல்லது. தினம் பெட்டி கட்டுவது இந்த வயதில் தண்டனை. ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகக் கோயில் என்று சொல்லும் பேக்கேஜை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன், அதில் பார்ப்பது சாலையைத்தான். பெரும்பாலான கோயில்கள் நண்பகலில் சாத்திவிட்டு நாலு மணிக்குமேல் திறக்கும். காலையில் ஒன்றிரண்டு, மதியம் தூக்கம், சாயங்காலம் ஒன்று போதும். வைத்தீஸ்வரன் கோயிலையும் திருவெண்காட்டையும் ஒரே காலையில் பார்க்கலாம். தரங்கம்பாடி திருக்கடையூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, எதிரே கடல். வெயில் தாழ்ந்து போங்கள். தாராசுரம் கோயிலுக்கு அரை நாள் ஒதுக்கலாம். அங்கே தூணில் இருக்கும் சின்னச் சிற்பங்களை நின்று பார்க்க நேரம் வேண்டும்.

கார் பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டிரைவர் பேட்டா எவ்வளவு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மருந்துச் சீட்டில் மாத்திரையின் வேதிப்பெயர் இருக்கட்டும். உங்கள் நாட்டு பிராண்ட் பெயரைச் சொன்னால் இங்குள்ள மருந்துக் கடைக்காரருக்குத் தெரியாது.