கேம்பிரிட்ஜைச் சுற்றிக் காட்டப் போகிறீர்களா? இவற்றைத் தவிர்க்கப் பாருங்கள்

வெயில் தலைகாட்டியதும் கிங்ஸ் பரேட் தெருவில் புது வழிகாட்டிகள் தென்படுவார்கள். வார இறுதியில் நாலு காசு பார்க்க வந்த மாணவர்கள், ஊரிலிருந்து வந்த சித்தி சித்தப்பாவை இழுத்துக்கொண்டு அலைபவர்கள், இதையே தொழிலாக எடுத்துக்கொண்டவர்கள். ஆரம்பத்தில் நான் அடித்த கூத்தையெல்லாம் அவர்களும் அச்சுப் பிசகாமல் அடிக்கிறார்கள். குடை எடுத்து வாருங்கள், நல்ல ஷூ போடுங்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், விடுங்கள்.

பல்கலைக்கழகம் எங்கே என்று சொல்லாமல் கிளம்புவது

வந்தவர்கள் மனதில் ஒரு பெரிய வளைவும் அதற்குப் பின்னால் ஒரு வளாகமும் இருக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை. 31 கல்லூரிகள் ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி வாசல், தனிச் சட்டம். ஆக்ஸ்ஃபோர்டில் ஊராரோடு மோதல் வந்து அங்கிருந்து கிளம்பிய அறிஞர்கள் 1209-இல் இங்கே வந்து சேர்ந்தார்கள். முதல் கல்லூரியான பீட்டர்ஹவுஸ் வந்ததோ 1284-இல்தான். முதல் ஐந்து நிமிடத்தில் இதைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கடைசி வரை "யுனிவர்சிட்டி எப்ப வரும்?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள்.

உள்ளே கூட்டிப் போகிறேன் என்று வாக்குக் கொடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு மே மாதச் சனிக்கிழமை. லண்டனிலிருந்து வேன் பிடித்து வந்த தமிழ்க் குடும்பம் ஒன்று ஒரு கல்லூரி வாசலில் நின்றுகொண்டிருந்தது. வழிகாட்டிப் பையன் போர்ட்டரிடம், அதாவது கல்லூரி வாசல் காவலரிடம், கெஞ்சிக்கொண்டிருந்தான். தேர்வுக்காலம், பார்வையாளர்களுக்கு அனுமதி இல்லை என்ற பலகை அவன் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. போர்ட்டர் மரியாதையாகத்தான் மறுத்தார். பையன் விடவில்லை. அடுத்த கல்லூரிக்கு ஓடினான், அங்கேயும் பலகை. கடைசியில் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தான். வேனுக்கும் நேரமாகிவிட்டது.

கூட்டத்தில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். அவர் வந்ததே ராமானுஜன் இருந்த இடத்தைப் பார்க்கத்தான். அதற்கு எந்தக் கதவும் திறந்திருக்க வேண்டியதில்லை! டிரினிட்டி கல்லூரியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் ஹியூவல்ஸ் கோர்ட். 1914-இல் வந்த ராமானுஜன் தங்கியிருந்த கட்டடங்களில் அதுவும் ஒன்று. நடைபாதையில் நின்றே கையைக் காட்டிச் சொல்லலாம். வாத்தியார் அதைப் பார்க்காமலே வேனில் ஏறினார்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் நடுப்பகுதி வரை பல கல்லூரிகள் கதவைச் சாத்திவிடும். மற்ற மாதங்களிலும் நம்ப முடியாது: கச்சேரி ஒத்திகை, திருமணம், விருந்து என்று ஏதாவது வரும். பெரிய கூட்டமாகப் போனால் அங்கீகாரம் பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும் என்று கேட்கும் கல்லூரிகளும் உண்டு. அதனால் உள்ளே போவது கிடைத்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, தெருவிலிருந்து தெரிவதை வைத்தே நடையை அமையுங்கள்.

நான் போகும் வழி இது. டிரினிட்டி வாசலில் ஆரம்பம். மேலே நிற்கும் எட்டாம் ஹென்றி சிலையின் கையில் செங்கோலுக்குப் பதில் நாற்காலிக் கால் இருக்கும். குழந்தைகள் அதைக் கண்டுபிடிக்கட்டும். பக்கத்துப் புல்தரையில் இருப்பது நியூட்டன் வீட்டு ஆப்பிள் மரத்தின் வழிவந்த ஒட்டுமரம். அப்புறம் ஹியூவல்ஸ் கோர்ட். அங்கிருந்து சந்து வழியாகப் பொதுவழியான கேரட் ஹாஸ்டல் பாலம். அதன் மேலிருந்து 1640-இல் முடிந்த கிளேர் பாலம் தெரியும். ஆற்றைக் கடந்து குயின்ஸ் ரோடு வழியாக நடந்தால் கிங்ஸ் கல்லூரித் தேவாலயத்தைப் புல்வெளிக்கு அப்பால் முழு உருவத்தில் பார்க்கலாம். தேவாலயத்தின் உள்ளே 1515-இல் முடித்த, விசிறிபோல் விரியும் கல் கூரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, கல்லூரிப் பருவம் நடக்கும் நாட்களில் மாலைப் பாடல் வழிபாடு இருக்கிறது. அதற்குக் கட்டணம் கிடையாது. கேமராவை மட்டும் பைக்குள் வைக்கச் சொல்லுங்கள். முடிவில் சில்வர் ஸ்ட்ரீட் பாலம், பிறகு ஃப்ரீ ஸ்கூல் லேனில் பழைய கேவண்டிஷ் ஆய்வகக் கட்டடம். எலக்ட்ரானை 1897-இல் தாம்சன் கண்டறிந்த இடம் அது. இவ்வளவுக்கும் ஒரு டிக்கெட்கூட வேண்டாம்.

நியூட்டன் கட்டிய பாலம்

சில்வர் ஸ்ட்ரீட்டிலிருந்து தெரியும் குயின்ஸ் கல்லூரி மரப்பாலத்தைக் காட்டி, நியூட்டன் ஆணியே இல்லாமல் கட்டினார், மாணவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி பூட்டத் தெரியாமல் விழித்தார்கள் என்று அளப்பார்கள். நியூட்டன் இறந்தது 1727-இல், பாலம் கட்டியது 1749-இல். வடிவமைத்தவர் எதரிட்ஜ், கட்டியவர் எசெக்ஸ். போல்ட்டுகள் கண்ணுக்கே தெரிகின்றன. கூட்டத்தில் இருக்கும் கல்லூரிப் பெண் போனில் தேடிப் பார்த்துச் சிரித்துவிட்டால், அதற்கு மேல் நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

புல்

கால் வைக்காதீர்கள், வைக்கவும் விடாதீர்கள். பெரும்பாலான கல்லூரி முற்றங்களில் புல்லில் நடப்பது ஃபெலோக்கள் எனப்படும் கல்லூரியின் மூத்த உறுப்பினர்களின் உரிமை. ராமானுஜனுக்கு 1918 அக்டோபரில் அது கிடைத்தது, ஆனால் அப்போது அவர் கேம்பிரிட்ஜுக்கு வெளியே சிகிச்சையில் இருந்தார்.

பின்பக்கமாக நடந்துகொண்டே பேசுவது

சைக்கிள் இடிக்கும்.

கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியின் தெருவோரக் கடிகாரத்தில் மணியடிக்கக் காத்திருப்பது

மணி அடிக்காது. ஒவ்வொரு மணிக்கும் உள்ளே ஒரு மரச் சவப்பெட்டிக்குள் சங்கிலி விழும் ஓசைதான் கேட்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் சரியான நேரமும் காட்டும். அதைப் பார்த்து வேனுக்குக் கிளம்பாதீர்கள்.

படகு

நடைக்கு அப்புறம். முதலில் ஏற்றிவிட்டால், இறங்கியவர்கள் நேராகச் சாப்பாட்டுக்கடை தேடிப் போய்விடுவார்கள்.