சேற்றில் இறங்கி வந்த பைக் மக்கர் செய்தால் எங்கே பார்ப்பது

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுரங்கப்பாதைத் தண்ணீரிலோ ஏரிக்கரைச் சேற்றிலோ இறங்காமல் வீடு சேர முடிவதில்லை. நடுவில் வண்டி நின்றதும் எல்லோரும் செய்கிற முதல் வேலை, செல்ஃபை விடாமல் அழுத்துவது. அதைச் செய்யாதீர்கள். தண்ணீர் ஏர் ஃபில்டர் உயரத்துக்கு ஏறியிருந்தால் சிலிண்டருக்குள்ளும் போயிருக்கலாம், காற்றை பிஸ்டன் அமுக்கும், தண்ணீரை அமுக்க முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இன்ஜின் ஆயில் பால் விட்ட டீ மாதிரி தெரிந்தால் அதில் தண்ணீர் கலந்துவிட்டது, வண்டியைத் தொடாமல் குட்டி யானையில் ஏற்றி அனுப்புங்கள்.

தண்ணீர் அவ்வளவு ஏறவில்லை என்றால் கோளாறு அநேகமாக கரண்டில்தான். சாவியை அணைத்துவிட்டு பிளக் கேப்பில் ஆரம்பியுங்கள். கேப்பைப் பிடுங்கி உள்ளேயும் பிளக்கின் வெள்ளைப் பீங்கானையும் உலர்ந்த துணியால் துடையுங்கள், ஈரம் இருந்தால் கரண்ட் பிளக் நுனிக்குப் போகாமல் வெளியிலேயே கசிந்துவிடும். பிளக் குழிக்குள் இருக்கிற இன்ஜின்களில் தண்ணீர் வடிய பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள், சேறு அடைத்திருந்தால் குழி குளமாகிவிடும், கம்பியால் குத்திவிடுங்கள். அதற்குப் பிறகு பிளக்கைக் கழற்றுங்கள், இல்லையென்றால் அந்த மண்ணெல்லாம் சிலிண்டருக்குள் விழும்.

நியூட்ரலில் நன்றாக ஓடுகிறது, கியர் போட்டதும் அணைகிறதா? ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் இன்ஜினை அணைக்கும் சைடு ஸ்டாண்ட் சுவிட்ச். புது வண்டிகள் பலவற்றில் இது உண்டு, இருப்பதோ சரியாகச் சேறு தெறிக்கிற இடத்தில். எனக்கு ஒருமுறை இப்படி ஆகி, மெக்கானிக் காயிலை மாற்றி, பிளக்கை மாற்றி, கடைசியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி அந்த சுவிட்சைக் கழுவியதும் வண்டி ஓடியது. காயில் காசு போனது போனதுதான்.

செல்ஃப் அழுத்தினால் டிக் டிக் என்று மட்டும் சத்தம் வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது டெர்மினல் லூஸ். சத்தமே இல்லை, மீட்டரும் எரியவில்லை என்றால் ஃபியூஸ். போன ஃபியூஸ் 15 ஆம்பியர் என்றால் 15தான் போட வேண்டும், 30 போட்டால் அடுத்து எரிவது வயரிங். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, ஹேண்டில் திரும்புகிற இடத்தில் வயர் உரசியிருக்கிறதா என்று பாருங்கள். தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று நினைத்தால், எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பேட்டரி சுத்தமாகச் செத்திருந்தால் அதுவும் நடக்காது.

சரி, வண்டி ஓடிவிட்டது. ஆனால் உண்மையான தொல்லை பத்து நாள் கழித்துத்தான் வரும். வயர்களை இணைக்கும் கப்ளருக்குள் போன சேற்றுத் தண்ணீர் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும், அப்புறம் ஒரு நாள் ஓடும், ஒரு நாள் ஓடாது. ஹெட்லைட் பின்னாலும் டேங்க் அடியிலும் உள்ள கப்ளர்களை, வயரைப் பிடித்து இழுக்காமல் பூட்டை அழுத்திக் கழற்றி, கான்டாக்ட் கிளீனர் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். சேசிஸில் போல்ட் போட்டிருக்கும் எர்த் வயரைப் பலர் மறந்துவிடுகிறார்கள், கழற்றி உப்புத்தாளால் தேய்த்து இறுக்குங்கள், லைட் மங்கலும் ஹார்ன் தொண்டை கட்டினது போல் கத்துவதும் பாதி இதனால்தான். பேட்டரி டெர்மினலை இறுக்கியபின் மேலே கொஞ்சம் வாசலின் தடவினால் போதும்.

மல்டிமீட்டர் இருந்தால் பேட்டரியில் வையுங்கள். வண்டி அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் இருந்தால் நல்லது. ஓடவிட்டு கொஞ்சம் முறுக்கினால் 13.5க்கு மேல், 14.5க்குள் வர வேண்டும். வரவில்லையென்றால் பேட்டரிக்குப் போகும் சார்ஜைக் கட்டுப்படுத்தும் ஆர்ஆர் யூனிட்டை (ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்) பாருங்கள், அதன் அலுமினியப் பட்டைகளில் சேறு அப்பிக் காய்ந்திருந்தால் சூடு வெளியேறாமல் அதுவே வெந்துவிடும்.

இரவில் சாவியை ஆன் செய்து, பிரேக்கைத் தொடாமல், பின் லைட்டை ஒருமுறை பாருங்கள். பின் பிரேக் சுவிட்சில் சேறு சிக்கியிருந்தால் பிரேக் லைட் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கும், பின்னால் வருகிறவருக்கு நீங்கள் பிரேக் அடிப்பதே தெரியாது.