காளானுக்குக் காட்டுப்பக்கம் போகிறவர்கள் விடும் தவறுகள்

ஐப்பசி இடியோடு மாரி தொடங்கினால் திருகோணமலையின் கன்னியா, பன்குளம் பக்கத்துப் பற்றைக்காடுகளில் புற்றுக்காளான் தலைகாட்டும். விடியற்காலையில் ஓலைப்பெட்டியும் நாயுமாகப் புறப்படுகிறவர்களில் நானும் ஒருத்தி. வருடாவருடம் அதே பிழைகளைப் பார்க்கிறேன்.

பெரும்பிழை, காளானை நிலத்துக்கு மேலே கிள்ளி எடுப்பது. அதன் அடையாளத்தில் பாதி மண்ணுக்குள் இருக்கிறது. புற்றுக்காளான் கறையான் புற்றுக்குள் வளர்க்கும் பூஞ்சையிலிருந்து முளைப்பது. ஆகவே காம்பு வேர்போல மெலிந்து கீழே நீண்டுபோகும். என் பெரியம்மா கூர்த்தடியால் சுற்றிவர மண்ணைக் கிளறி, அந்த வால் முறியாமல் இழுத்து, மண்ணை ஊதிப் பார்த்த பிறகுதான் பெட்டிக்குள் போடுவா. காம்பின் அடி பருத்து, உடைந்த முட்டைக்கோது போன்ற உறைக்குள் நின்றால் விட்டுவிடுங்கள். ஆளைக் கொல்லும் அமானிற்றா காளான்களுக்கு அப்படி உறை உண்டு. மேலே கிள்ளினால் அந்த உறை மண்ணிலேயே தங்கிவிடும்.

அடுத்தது வாய்வழி நம்பிக்கைகள். பூச்சி அரித்தது நல்லதாம், கூடப்போட்டு அவிக்கும் உள்ளி கறுத்தால்தான் நஞ்சாம், நன்றாக அவித்தால் எல்லாம் போய்விடுமாம். மூன்றும் பொய். அமானிற்றா நஞ்சு அடுப்புச் சூட்டில் அழியாது. சாப்பிட்டு 6 முதல் 24 மணித்தியாலம் கழித்தே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கும். பிறகு ஒருநாள் போலச் சுகமாகத் தெரியும். அந்த நேரத்தில்தான் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும். சுகம் என்று நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

புல்வெளியில் குடை விரித்து நிற்கும் பெரிய வெள்ளைக் காளானிலும் கவனம் வேண்டும். அதில் ஓர் இனத்துக்குச் செவுள், அதாவது குடைக்கு அடியில் இருக்கும் மடிப்புகள், இளசில் வெள்ளை, முற்றினால் பச்சை; தின்றால் சில மணித்தியாலத்தில் கடும் வாந்தி. குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, கோப்பையால் மூடி, இரவு முழுக்க விட்டால் வித்துத்தூள் படியும். பச்சைத்தூள் என்றால் எறியுங்கள். புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பு. ஆனால் அந்த நிறம் சில நச்சுக் காளான்களுக்கும் உண்டு, அதை மட்டும் நம்பக்கூடாது. சந்தேகம் ஒரு துளி இருந்தாலும் சமைக்க வேண்டாம்.

பறித்த காளானைப் பிளாஸ்டிக் சொப்பின் பையில் போட்டால் வியர்த்து அழுகும். மருந்தடித்த வயல் வரம்பில் முளைத்தது வேண்டவே வேண்டாம்.

இனி நாய். அவிழ்த்துவிட்டுப் போவது பலரின் பழக்கம். யானை நடமாடும் பக்கத்தில் அது ஆபத்து: நாய் குரைத்துச் சீண்டும், யானை திரும்பினால் நாய் நேரே உங்களிடம்தான் ஓடிவரும். புற்றுக்குள் நாகம் கிடக்கும், சருகுக்குள் புடையன் கிடக்கும். நாய் மூக்கை நுழைப்பதும் அங்கேதான். எங்கள் ஜிம்மியைச் சங்கிலியில் பிடித்தே கூட்டிப்போகிறேன். ஒருநாள் கண்ணிமைக்கும் நேரத்தில் அது ஒரு நாய்க்குடையைக் கவ்விவிட்டது. வாயைத் திறந்து விரலால் தோண்டி எடுத்தபோது என் கை நடுங்கியது. நல்லவேளை, விழுங்கவில்லை. உங்கள் நாய் விழுங்கிவிட்டால் உப்புத்தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள். உடனே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். வீட்டுக்கு வந்ததும் காதுமடல், கால்விரல் இடுக்கு எல்லாம் உண்ணி பாருங்கள்.

சமைக்கும் நாளில் ஒவ்வொரு வகையிலும் ஒரு முழுக்காளானை, அடிக்காம்போடு, கடதாசியில் சுற்றித் தனியே வையுங்கள். யாருக்காவது வயிற்றைப் பிரட்டினால் அதையும் எடுத்துக்கொண்டு நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது என்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.